சந்தனத் தட்டும் கண்ணாடி ஊசியும்

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் கீழ்மாடியில் இருக்கும் செல்வி, "டாக்டர்கிட்ட இங்கிலீஷ் பேசணும், கூட வாங்கக்கா" என்று கூப்பிட்டிருந்தாள். (பெயர், மாடி எல்லாம் மாற்றியிருக்கிறேன் — தேடாதீர்கள்.) கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை. கணவர் தனபால் ஜூரோங் ஷிப்யார்டில் வெல்டர்.

ரத்தம் எடுக்கச் செல்வியை நர்ஸ் அழைத்துப் போய்விட்டார். அறையில் சீன டாக்டரம்மா, தனபால், நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான்.

குறை செல்வியிடம் இல்லை என்றார் டாக்டரம்மா. தனபாலின் விந்தணுக்கள் மிகக் குறைவு, நீந்தவும் வலுவில்லை. அதனால் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியில் அவற்றை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, கருமுட்டையின் மேலுறைக்குள் செலுத்துவார்களாம். எலிகளில் செய்து பார்த்தாகிவிட்டது. மனிதர்களுக்கு இந்த 1988-இல்தான் தொடக்கம், உறுதி கிடையாது.

ஊசி போட்டுக் குழந்தையா? அதை நான், என்னை அக்கா என்று அழைக்கும் ஆம்பிளையிடம், முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமா? இத்தனை வருடம் பத்திரிகையில் பத்தி எழுதியும் 'விந்தணு' என்று வாயால் சொன்னதே இல்லை. சுவரைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

தனபால் மெதுவாக, "ஊசி விஷயத்த அவகிட்ட சொல்லுங்கக்கா. குறை யாருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்கம்மாவுக்கும் தெரிய வேணாம்லா" என்றார்.

எந்த அம்மா? பன்னிரண்டு வருடமாகச் செல்வியை மலடி என்று கரித்துக்கொட்டும் அதே அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மருந்து வாங்கப் போனதும் நேராகச் செல்வியிடம் போனேன்.

"செல்வி, உனக்கு ஒரு குறையும்..."

"தெரியும்க்கா. போன மாசம் ரிப்போர்ட் வாங்க வந்தப்பவே தமிழ் நர்ஸ் சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். "டாக்டர் சொல்லி நீங்க எடுத்துச் சொன்னாத் தாங்கிப்பாரு. நான் சொன்னா உடைஞ்சி போயிருவாரு. இந்தப் பக்கமே வரமாட்டாரு. அவரு வந்தாத்தானே புள்ள? எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்கக்கா."

பஸ்ஸில் வரும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது... போன வருடம் மேல்மாடி வீட்டில் வளைகாப்பு. சந்தனத் தட்டோடு, வந்திருந்த பெண்கள் வரிசையில் ஒவ்வொருவருக்காகப் பூசிக்கொண்டே போனவள் நான். செல்வி கன்னத்தைக் காட்டினாள். குழந்தை இல்லாதவள் என்று, என் கை தானாக அடுத்தவளிடம் போய்விட்டது. மாமியாரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் என் மகளுக்கு வளைகாப்பு. நேற்று செல்வியை நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"கண்டிப்பா வரேன்க்கா" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "இந்தத் தடவ சந்தனத் தட்டு யாரு கையிலக்கா?"