வெள்ளைக்காரர் படத்துக்குத் திண்டுக்கல்லில் பேர் வைத்தோம்

பிள்ளைக்குப் பேர் வைக்க ஜோசியர் இருக்கிறார், கடைக்குப் பேர் வைக்க மச்சான்மார்கள் இருக்கிறார்கள். முன்பின் பார்த்திராத வெள்ளைக்காரர்களின் படங்களுக்குப் பேர் வைக்க, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் நாங்கள் இருந்தோம்.

பிராட்பேண்ட் ஊருக்குள் வந்த புதுசு. வெளிநாட்டில் போட்டோ எடுப்பவர்கள் தங்கள் படங்களை இணையத்தில் விற்பனைக்கு வைப்பார்கள். விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் 'மழை, குடை, சிரிப்பு' என்று தட்டித் தேடுவார். அந்த வார்த்தைகள் படத்தோடு ஒட்டியிருந்தால் படம் மேலே வரும். இல்லையென்றால் கிணற்றில் போட்ட கல்தான். ஆகவே படத்துக்கு ஒரு தலைப்பு, இரண்டு வரி விவரம், அப்புறம் கீவேர்டு என்கிற தேடுசொற்கள், இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. டேட்டா என்ட்ரி செய்து கண்ணையும் கழுத்தையும் பறிகொடுத்த சகோதர சகோதரிகளே, மற்ற கஷ்டமெல்லாம் நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

வேலை கொடுத்தது ஒரு பெங்களூர் கம்பெனி. பொங்கல் வரைக்கும் சோதனை, 'சரியில்லை' என்று படங்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கும், கூட வேலை பார்த்த பாண்டிக்கும் பிரான்சிசுக்கும் இது போனால் இன்னொன்று. ஆயக்குடியில் பிறந்து திண்டுக்கல்லில் வாக்கப்பட்ட செல்வராணிக்கு அப்படியில்லை. அவருடைய மாமனார் ஒருநாள் எங்கள் மாடிக்கே ஏறிவந்து, எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார்: "இந்தா பாரு தாயி, இந்த வேல போச்சுன்னா போனதுதான். பொறவு அங்க போறேன், இங்க போறேன்னு வீட்ட விட்டுக் கெளம்பப்படாது."

நாய்க்குள் ஆடு

ஒரு படத்துக்கு ஐம்பது தேடுசொல் வரை எழுதலாம் என்று விதி. 'வரை' என்பதைப் பாண்டி கண்டுகொள்ளவே இல்லை, ஐம்பதையும் நிரப்பாமல் எழுந்திருக்க மாட்டான். ஒரு நாய்ப் படம் வந்தது. நாய், குட்டி, வால், புல்வெளி என்று ஆரம்பித்து, சரக்குத் தீர்ந்ததும் பூனை, ஆடு, மாடு, முயல் என்று அடுக்கிவிட்டான். ஆடு தேடிய யாருக்கோ நாய் வந்து நிற்க, படம் திரும்பி வந்தது.

பாண்டியின் வீட்டார் சித்தையன்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "எங்க கடையில உளுந்து இல்லேன்னா பாசிப்பருப்ப எடுத்துக் காட்டுவோம் சார். வந்த ஆளு வெறுங்கையோட திரும்பக் கூடாதுல்ல?"

கோட்டுப் போட்ட கூட்டம்

அடுத்ததும் பாண்டிதான். கருப்புக் கோட்டு, சட்டையில் வெள்ளைப் பூ, பளபளக்கும் ஷூ என்று ஆண்கள் வரிசையாக நிற்கிற படம். பின்னால் ஒரு நீளமான கார், எங்கு பார்த்தாலும் பூ. 'கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் நண்பர்களும்' என்று தலைப்பு வைத்து, மகிழ்ச்சி, காதல், கொண்டாட்டம் என்று தேடுசொல் போட்டிருந்தான். சரிபார்க்க வேண்டிய நானும் தலையாட்டி அனுப்பினேன். என் ரிசப்ஷனிலும் நான் அதே கோட்டில், அதே முகத்தோடுதான் நின்றேன். சந்தேகம் எப்படி வரும்?

அது சாவு. ஆட்களின் கால் இடுக்கில் பாலீஷ் போட்ட மரம் கொஞ்சம் தெரிந்ததை, சீர்வரிசையில் வந்த கட்டில் என்று பாண்டி நினைத்துவிட்டானாம். சவப்பெட்டி! பெங்களூர் கம்பெனி மேடம் போனில் என்னைப் பிழிந்து காயப் போட்டார். பாண்டி கடைசி வரை நம்பவில்லை. "சாவு வீட்டுக்கு இம்புட்டு இஸ்திரி போட்டுக்கிட்டு எவன் சார் வருவான்?"

நோஞ்சான் கொய்யா

செல்வராணியின் எழுத்து பொதுவாகத் திரும்பி வராது. வேலை போய்விடக் கூடாது என்ற பயத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் அகராதியில் பார்த்துத்தான் போடுவார். தெரியாத பொருளில் அவர் தப்பே செய்ததில்லை. தெரிந்த பொருளில்தான் மாட்டினார்.

கூடை நிறையப் பச்சைப் பழம். கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடிக்காரர், அகராதியைத் தொடாமலே 'தோட்டத்துக் கொய்யா' என்று எழுதிவிட்டார். அது பேரிக்காய், படம் திரும்பியது. செல்வராணி முகம் சுண்டிப்போய், அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. கழுத்து அவ்வளவு நீளமாக இருந்ததே, கவனிக்கவில்லையா என்று மெதுவாகத்தான் கேட்டேன். "கவனிச்சனுங்க சார். குளுருற ஊருல காச்சதுங்களே, பாவம், நோஞ்சானாப் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

மஞ்சள் சோறு

பிரான்சிசின் சித்தப்பா பிரியாணிக் கடைக்காரர். இந்தத் தகவலை முன்பே யோசித்து அந்தப் படத்தை வேறு ஆளிடம் தந்திருக்க வேண்டும். நீளநீளமான அரிசி, பட்டாணி, காரட், மேலே திராட்சை, ஓரமாக ஒரு கோழித் துண்டு. எடுத்தவர் 'பிரியாணி' என்று குறிப்பு வைத்திருந்தார். பிரான்சிஸ் அதை அடித்துவிட்டு 'காய்கறி போட்ட மஞ்சள் சோறு' என்று எழுதினான். பிரியாணி தேடிய ஒருவர் கண்ணிலும் அந்தப் படம் படவில்லை. எடுத்தவர் புகார் எழுதினார்.

தேடுகிறவன் மனசில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும், நம் நாக்குக்குத் தெரிந்ததை அல்ல என்று தொண்டை வறளப் பாடம் நடத்தினேன். அவன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சீரகசம்பா இல்ல, ஒரு எலும்பு இல்ல, மேல திராட்சையப் போட்டு வச்சிருக்கான். இத பிரியாணின்னு எழுதிட்டு நான் எந்த மூஞ்சியோட சார் எங்க தெருவுக்குள்ள போறது?"

ஜன்னலோரத்தில் ஒருத்தி

பொங்கல் நெருங்கியது. கடைசிக் கட்டுப் படங்களைத் தானே பார்த்து முடிவு சொல்லப் போவதாக மேடம் சொல்லிவிட்டார். செல்வராணியின் பங்கில் ஒரு படம்: வெளியே மழை, ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் காபிக் கோப்பை. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. எடுத்தவர் எந்தக் குறிப்பும் தரவில்லை.

எல்லோரும் கூடிவிட்டோம். "புருஷன் இன்னும் வீடு திரும்பல. மழை வேற. கவலைன்னு போடுங்கக்கா" என்றான் பாண்டி. "சண்டை போட்டுட்டு ஒக்காந்திருக்கு" என்றான் பிரான்சிஸ். எனக்கும் அப்படித்தான் பட்டது. செல்வராணி செத்த நேரம் அந்த முகத்தையே பார்த்துவிட்டு, 'தனக்கென்று கொஞ்ச நேரம் கிடைத்த பெண்' என்று தலைப்பு வைத்தார். நிம்மதி, ஓய்வு, சுதந்திரம் என்று தேடுசொல் போட்டார். இது போனால் உங்களுக்குத்தானே நஷ்டம், 'சோகம்' என்று ஒன்றையாவது சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இல்லீங்க சார், இருக்கட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மேடத்தின் போன் வந்தது. வேலை எங்களுக்கே நிரந்தரம் என்றார். ஜன்னல் படத்தை எடுத்த அம்மாள், பிள்ளைகளை முதல் முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த தன் தங்கையைத்தான் எடுத்தாராம். இனி தன் படங்களுக்கெல்லாம் இதே ஆள்தான் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். பாண்டி மிட்டாய் வாங்க ஓடினான். செல்வராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"வூட்டுல எல்லாத்துக்கும் காபி போட்டுக் குடுத்துப்போட்டு, ஆறிப்போனத நின்னுக்கிட்டே குடிப்பனுங்க. இந்த ஆபீசுக்கு வந்துதானுங்க ஒக்காந்து சூடாக் குடிச்சேன். அந்தப் பொண்ணு மொகம் எனக்குத் தெரியாதுங்களா?"

ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பேர் வைத்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்வதானால், என் மனைவி காபியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் இப்போதெல்லாம் 'என்ன கவலை?' என்று கேட்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நழுவிவிடுகிறேன்.