வேலியில் மாட்டிய கிடாய்

மண் உதிராத நிலக்கடலைக் கொடி, காம்பில் ஈரம் காயாத பூசணிக்காய், காலைக் கட்டிக் கூடைக்குள் போட்ட கோழி, பண்டிகை என்பதற்காகத் தலையில் வழிய வழிய வைத்துக்கொண்ட தேங்காயெண்ணெய், இவை எல்லாம் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒன்றாய்ச் சூடேறினால் ஒரு வாசனை வரும். அதுதான் எனக்கு அறுப்பின் பண்டிகை. இன்றைக்கும் கடைத்தெருவில் பூசணிக்காயைக் கீறி வைத்திருக்கும் இடத்தைக் கடந்தால், கையில் ஆட்டுக்கயிறு இருக்கிறதா என்று விரல் தானாக மடங்கிப் பார்க்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. பைபிளைக் காதால் படித்தவள் நான். இதையும் நான் பேசப் பேச என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். என்னவோ செய், ஊர்க்காரர்கள் பேசுவதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற பாதையில், கொல்லிமலை நீலமாய்த் தெரிகிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வேதக்காரர்கள் என்று ஊர் சொல்லும் சில கிறிஸ்தவக் குடும்பங்கள், எங்களுக்கு ஒரு "வேதக்கோயில்", அதற்கு ஓர் உபதேசியார். வருடத்தில் ஒரு ஞாயிறு அறுப்பின் பண்டிகை, விளைந்ததில் நல்லதையும் வளர்த்ததில் நல்லதையும் கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்போம். ஆராதனை முடிந்ததும் உபதேசியாரே வேப்பமரத்தடியில் நின்று ஏலம் விடுவார். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கொடுத்த சேவலைப் பிரிய மனமில்லாமல் தானே ஏலத்தில் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போன அத்தை ஒருத்தி இருந்தாள். அந்தச் சேவல் அதற்கப்புறமும் பல பண்டிகைகளுக்கு வந்துபோனது, தானே நடந்து வரப் பழகிவிட்டது என்று கேலி செய்வார்கள்.

எங்கள் வீட்டில் சண்டை கூட வேதத்தில்தான் நடக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேட்ட கதை சனிக்கிழமைவரை கைவசம் இருக்கும். சந்தைக்குக் கிளம்பிய அம்மா வாசலில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தால், "ஏம்புள்ள, லோத்து பொண்டாட்டியாட்டம் எத்தன தடவ திரும்பிப் பாப்ப? உப்பாப் போயிருவ, நட" என்பார் அப்பா. அம்மா விடுவாளா? "உப்பானாலும் கொழம்புக்கு ஆவேனுங்க. யோனாவுக்கு மீனு வயித்துலருந்து மூணு நாள்ல வழி தெரிஞ்சுது, உங்களுக்கு டீக்கடையிலருந்து ஊட்டுக்கு வழி தெரியலியே" என்பாள். எண்ணெய்ச் செம்பு காலியானால், கலயத்தில் எண்ணெய் குறையாத சாறிபாத்து விதவை பேச்சில் வருவாள், சோறு பத்தாவிட்டால் ஐந்து அப்பம் வரும். அதனால் வேதத்தில் உள்ளவர்கள் எல்லாம் எங்கள் உறம்பரை, சொந்தக்காரர்கள் என்றும், ஆபிரகாம் ஏறின மோரியா மலை என்பது கொல்லிமலைதான் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல வந்தது எதற்காக என்றால், அந்த நினைப்பில்தான் வினையே வந்தது.

பள்ளிக்கூடம் போகிற வயதில், போகாமல் இருந்தேன். அந்த வருடம் கடுமையான காய்ச்சல் வந்து கண் திறக்காமல் கிடந்தேனாம். எங்களிடம் இருந்தது ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. கருப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதனால் அதற்குப் பெயர் சுட்டி. "இந்தப் புள்ள எந்திரிச்சு ஒக்காந்தா, அறுப்புப் பண்டிகைக்கு அந்தக் குட்டியக் கொண்டாந்து நிறுத்தறேன் ஆண்டவரே" என்று அப்பா வேண்டிக்கொண்டார். நான் எழுந்து உட்கார்ந்தேன். எழுந்து உட்கார்ந்தவள் முதலில் கேட்டது சுட்டியைத்தான்.

அப்புறம் அது என்னோடுதான் மேய்ந்தது, என் பாயின் ஓரத்தில்தான் படுத்தது. பண்டிகை நெருங்க நெருங்க அம்மா, "அன்னாள் தவமிருந்து பெத்த புள்ள சாமுவேலயே கோயிலுக்குக் குடுத்தா கண்ணு, இது ஆட்டுக்குட்டிதான" என்று எனக்குச் சொல்வாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். ஏலத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். "அதுக்குக் கையில காசு வேணும் சாமி" என்றார் அப்பா. ஆட்டை எடுக்கப்போவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் வருகிற கறிக்கடைக்காரர் அந்த வருடமும் வருவார்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு உபதேசியார் ஆபிரகாம் கதையைச் சொன்னார். சுவரில் ஒரு படத்தையும் மாட்டினார். தாடிக்காரர் ஒருவர் கத்தியோடு நிற்கிறார், விறகின் மேல் கட்டிப்போட்ட அவர் மகன் ஈசாக்கு, மேலே தூதன், ஓரத்துப் புதரில் கொம்பு மாட்டிய ஆட்டுக்கடா. அந்தப் புதரை நான் உற்றுப் பார்த்தேன். கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற பாவாயாத்தா தோட்டத்துக் கிளுவை முள்வேலியேதான்! எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. நேசித்ததைக் கொடுக்கச் சொல்வார் ஆண்டவர், கொடுக்கிறேன் என்று கிளம்ப வேண்டும், வழியில் புதரில் பார்க்க வேண்டும். வேறு கிடாய் இருக்கும். இவ்வளவுதானே? அந்த வாரம் முழுக்க நான் அழவில்லை. பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அம்மா பெருமைப்பட்டாள்.

பண்டிகை அன்று காலை அப்பா பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு முன்னால் போய்விட்டார். நான் சுட்டிக்கு ஒரு கொத்து அகத்திக் கீரையை ஒடித்துக்கொண்டு, வேலி ஓரமாகவே, ஒவ்வொரு புதராகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். பாவாயாத்தா தோட்டம் திரும்புகிற மூலையில் அது இருந்தது.

நம்பினால் நம்புங்கள். கொழுத்த கிடாய், முறுக்கிய கொம்பு இரண்டும் கிளுவைக்குள் சிக்கி, கத்தி ஓய்ந்து, நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. எனக்கு ஆச்சரியமே இல்லை. படத்தில் வெள்ளையாய் இருந்தது இங்கே செவலையாய் இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். கழுத்தில் வேறு மஞ்சள் துணி முடிச்சு. தூதன் அடையாளம் கட்டி அனுப்பியிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். கையில் முள் கீற, ஒவ்வொரு கிளையாய் வளைத்துக் கொம்பை எடுத்துவிட்டேன். ஈசாக்கை அவிழ்த்துவிட்டது மாதிரி சுட்டியின் கயிற்றை அவிழ்த்துக் கிடாய்க்குப் போட்டு, சுட்டியை என் தோள் துண்டால் அங்கேயே ஒரு வாகை மரத்தில் கட்டினேன். அகத்திக் கொத்தை மூக்குக்கு முன்னால் பிடித்ததும் கிடாய் பின்னாலேயே வந்தது. யார் கையிலும் தின்று பழகின ஆடு அது. ஏன் அப்படிப் பழகியது என்று யோசிக்கிற வயதா எனக்கு? வேப்பமரத்தில் அதைக் கட்டிவிட்டு உள்ளே போய்ப் பாட்டில் சேர்ந்துகொண்டேன். அன்றைக்குப் பாடினது போல நான் என்றைக்கும் பாடியதில்லை.

ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தது. பூசணி, கடலை, கோழி எல்லாம் போனது. "நேர்ச்சை ஆட்டக் கொண்டாங்க" என்றார் உபதேசியார். மரத்தடிக்குப் போன அப்பா அப்படியே நின்றார்.

"எங்கடி சுட்டி?"

"அத அக்கட்ட கட்டிட்டு வந்துட்டனுங்கப்பா. சாமி வேற கெடா குடுத்துட்டாருங்க."

அப்பா மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தார். "அடிப்பாவி, இது பாவாயாத்தா முனியப்பனுக்கு நேந்து உட்ட கெடாயில்ல" என்றார்.

நேர்ந்து விட்ட கிடாயை யாரும் கட்டிப்போடுவதில்லை. அது எந்தக் காட்டிலும் மேயும், யாரும் விரட்ட மாட்டார்கள், எல்லோரும் தீனி கொடுப்பார்கள். முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிற நாளும் நெருங்கியிருந்தது. அந்தச் சாமியின் கிடாயைக் கொண்டுவந்து இந்தச் சாமியின் ஏலத்தில் நிறுத்திவிட்டேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போவது பாவாயாத்தாவின் தோட்டத்துக்குத்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கள் அடுப்பு எரியாது.

முகத்தைத் திருப்ப அவர் தூரத்தில் இல்லை. தலையில் துண்டும் கையில் தொரட்டியுமாக, தனியாளாய்த் தோட்டம் பார்க்கிற அந்தப் பெரிய மனுஷி வாசலிலேயே நின்றிருந்தார்.

"எவன்டா எங்க முனியப்பன் கெடாய இங்க கொண்டாந்து கட்டுனவன்?"

அப்பா கும்பிட்டுக்கொண்டே முன்னால் போனார். "பெரியாத்தா, புள்ள தெரியாம..."

"நாந்தானுங்க ஆத்தா" என்றேன். எனக்குப் பயமே இல்லை, கடவுள் கொடுத்ததற்கு என்ன பயம்? ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்து, கத்தி, தூதன், புதர், கொம்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். முள் கீறின கையையும் நீட்டிக் காட்டினேன்.

பாவாயாத்தா உபதேசியார் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இந்தப் புள்ள சொல்றது நெசந்தானா? உங்க வேதத்துல கெடா வேலியில மாட்டுச்சா?"

"மாட்டுச்சுங்க ஆத்தா. ஆனா அது வேற கெடாயிங்க."

"வேற கெடாயின்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீங்க படத்தக் காட்டுனீங்க, வேலியக் காட்டுனீங்க. கெடா யார் ஊட்டுதுன்னு சொன்னீங்களா?"

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "அது வேதத்துல இல்லீங்க."

"அப்ப அந்தக் கெடாக்காரன் வந்து கேக்கவே இல்லியா?"

"இல்லீங்க."

"நான் வந்துட்டேன்" என்றார் பாவாயாத்தா. வேப்பமரத்தடியில் முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பின்னால் எல்லோரும். அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கிடாயின் கொம்படியைத் தடவிப் பார்த்தார். "விடிஞ்சதுலருந்து தேடறேன். இது வேலியில வெயில் காஞ்சு செத்திருந்தா பொங்க நேரத்துல நான் எந்த மொகத்தோட முனியப்பன் முன்னால போயி நிப்பேன்? அவுத்து உட்ட புள்ளைய யாராச்சும் ஒரு வார்த்த சொன்னீங்க, தெரியும்" என்று தொரட்டியை ஆட்டினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அம்மா போய்ச் சுட்டியைக் கூட்டிவந்து விட்டாள். சொன்ன சொல் சொன்னதுதானே. உபதேசியார் ஏலத்தைத் தொடங்க, கறிக்கடைக்காரர் கேட்டார், வேறு யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கிடாய் போய்விட்டது, சுட்டியும் போகப்போகிறது, கதை பாதியில் நின்றுவிட்டது. நான் போட்ட கத்தலில் கூடைக் கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்தின.

கிடாயைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய பாவாயாத்தா நின்றார். "ஏஞ்சாமி இப்படி அழுவறா?" அம்மா காதோடு சொன்னாள். காய்ச்சல், நேர்ச்சை, பாய் ஓரத்தில் படுத்தது எல்லாம். கேட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே அவர் கறிக்கடைக்காரருக்கு மேலே கேட்டார். அவர் ஏற்றினார், ஆத்தாவும் ஏற்றினார். "கறிக்கு இது தேறாதுங்க ஆத்தா, உட்டுர்றேன்" என்று அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டார். அவருக்கும் கூட நான் கடன்பட்டவள்தான்.

சுட்டியின் கயிற்றைப் பாவாயாத்தா என் கையில் வைத்தார். "சும்மா குடுக்கல சாமி. வாரத்துக்கு உடறேன். வளக்கறது நீ, போடற குட்டியில பாதி எனக்கு, பாதி உனக்கு. எங்க கெடாயாட்டம் வேலியில மாட்ட உட்டீன்னா தோல உரிச்சுருவேன்."

அன்று சாப்பிடும்போது அப்பா, "கடசீல பொருத்தனையும் நெறவேறுச்சு, ஆடும் ஊட்டுக்கு வந்துருச்சு. இது என்ன கணக்குன்னே புரியல" என்றார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "என்ன புரியல? ஆபிரகாமுக்குக் கெடா வந்துச்சு, நமக்குப் பாவாயாத்தா வந்தாங்க" என்றாள். அவள் சொன்ன பிரசங்கம் அவ்வளவுதான். அதைவிட நல்ல பிரசங்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

சுட்டி இரண்டு குட்டி போட்டது. பெட்டையைப் பாவாயாத்தா எடுத்துக்கொண்டார், கிடாய் எனக்கு. அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு அதை நானே கயிறு பிடித்துக் கூட்டிப்போனேன். அந்த வருடம் வழியில் நான் வேலியைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. நினையாத ஆள் நினையாத நேரத்தில் உதவினால், "பாவாயாத்தா வந்துட்டாங்க" என்போம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போய், பாஷை தெரியாத ஊரில் காய்ச்சலில் கிடந்தபோது, தாடியும் தலைப்பாகையுமாய் ஒரு டிரைவர் கஞ்சி வைத்துக் கொடுத்து, லோடோடு திருப்பி அனுப்பினாராம். போனில் அதைச் சொன்ன அவரும், "எஸ்தரு, இங்கயும் பாவாயாத்தா இருக்காங்க புள்ள" என்றுதான் சொன்னார். போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் கால் இடறி விழுந்தபோது, கருப்பு அங்கி போட்ட ஒரு முஸ்லிம் பெண் என்னைத் தூக்கி உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தாள். "பாவாயாத்தாளா கண்ணு நீ?" என்றேன். "இல்லீங்க பாட்டி, தலையில அடி பட்டுருச்சுங்களா?" என்று பயந்துவிட்டாள் பாவம்.

பாவாயாத்தா போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று. தோட்டம் மனைகளாகிவிட்டது, வாகை மரம் இல்லை, கிளுவை வேலி இருந்த இடத்தில் காம்பவுண்ட் சுவர். சுவரில் கொம்பு மாட்டாது. அறுப்பின் பண்டிகை இன்னும் நடக்கிறது. ஆடு கோழி கொண்டுவருவது குறைந்துபோய், பிஸ்கட் டப்பாவும் பழக்கூடையும் ஏலம் போகின்றன. குறை சொல்லவில்லை, அவரவர் வளர்ப்பதைத்தானே கொண்டுவர முடியும்.

போன ஞாயிறு பேத்தியோடு டவுன் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, சுவர் முடிகிற இடத்தில் யாரும் வெட்டாமல் விட்ட கொஞ்சம் கிளுவை தெரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

"என்ன அம்மாயி, அப்படி எட்டி எட்டிப் பாக்கறீங்க?"

"கொம்பு தெரியுதான்னு பாத்தேன் சாமி."

"தெரிஞ்சுதா?"

"இல்ல" என்றேன். "நீ மொதல்ல அந்தப் பொம்பளைக்கு எந்திரிச்சு எடங்குடு, கைக்கொழந்தையோட நிக்கறா பாரு."