மாரியம்மாளுக்கு லைன் போட்டுக் கொடுத்தவர்

பசுவந்தனை தவசி அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகன் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அப்பா தவறிட்டாங்க சார். சாயங்காலம் எடுக்கோம்."

படித்துவிட்டு ரொம்ப நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்... வருத்தம்தான். கூடவே ஒரு பயமும் வந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணாச்சி பசுவந்தனை பஸ் ஸ்டாப் பக்கம் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். நான் ஒரு ரேடியோ ஸ்டேஷனில் இருந்தேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு டாக்டர் போன்-இன் நிகழ்ச்சி. வருகிற போனை எடுத்து, பேர், ஊர் கேட்டு, டாக்டருக்கு லைன் கொடுப்பது என் வேலை. நடுநடுவே மைக்கில் பேசுவதும் நான்தான். பெரிய ஆள் என்று நினைப்பு எனக்கு!

வாராவாரம் பசுவந்தனையில் இருந்து ஒரு போன் வரும். "வணக்கம் சார், மாரியம்மா பேசுதேன், பசுவந்தனை."

ஒரு வாரம், தீப்பெட்டி ஆபீஸில் (அங்கே கம்பெனியை அப்படித்தான் சொல்வார்கள்) குச்சி மருந்து பட்டு விரலெல்லாம் தோல் உரிகிறது என்பார். அடுத்த வாரம், மூன்றாவது பிள்ளையும் வயிற்றில் தங்கவில்லை. அதற்கடுத்த வாரம் மாமனாருக்கு வலிப்பு.

"ஒரே பொம்பளைக்கு இத்தனை சீக்கா? பொழுதுபோகாம பேசுதா போல" என்று பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

குரல் வாரத்துக்கு வாரம் மாறுகிறதே, அதுகூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரிந்தது. சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் நானே ஒரு ரூல் போட்டேன். ஒருத்தருக்கு மாசம் ஒரு தடவைதான். யாரும் போடச் சொல்லவில்லை. பேப்பரில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டி வைத்தேன்: 'பசுவந்தனை மாரியம்மாள் வேண்டாம்.'

அடுத்த புதன்கிழமை போன் வந்தது.

"சார், மாரியம்மா பேசுதேன். எம் மக பருத்திக்கு மருந்தடிச்ச டின்னுல தண்ணி மோந்து குடிச்சிட்டா. கண்ணு மங்கலா தெரியுதுங்கா, வாயெல்லாம் எச்சியா ஒழுகுது. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணுமா, மோரு குடுத்தா கேக்குமா? அத மட்டும் டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுங்க சார்."

"அம்மா, நீங்க போன வாரம்தான் பேசுனீங்க."

"போன வாரம் பேசுனது நான் இல்ல சார்..."

"அப்போ யாரு?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"அடுத்த மாசம் பேசுங்கம்மா."

"சரிங்க சார்" என்று வைத்துவிட்டார். நான் அடுத்த போனை எடுத்தேன்.

அந்த மாசமே ஸ்டேஷனில் மீட்டிங். மேலதிகாரி கேட்டார்: "கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் கரிசல் பக்கம் எல்லாம் நம்ம ரேடியோதான் பாடுது. தீப்பெட்டி ஆபீஸ்ல காலையில போட்டா சாயங்காலம்தான் நிறுத்துறாங்க. அவங்களுக்குன்னு தனியா ஒரு நாள் ஒதுக்கலாமா?"

போன் பண்ணியவர்கள் பேர், ஊர் எழுதும் ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினேன். "தேவையில்ல சார். அந்தப் பக்கம் இருந்து ஒரே ஒரு பொம்பளைதான் பேசுது. மத்தவங்க எல்லாம் பாட்டு கேக்குற ஆளுங்க."

ஏற்றுக்கொண்டார்கள். முடி கொட்டுவது, பரீட்சை பயம், உடம்பு இளைப்பது என்று நிகழ்ச்சி முழுசாக டவுன்காரர்களுக்குப் போனது. ஐடியா கொடுத்ததற்கு எனக்குப் பாராட்டு வேறு!

ரெண்டு மாசம் கழித்து, சட்டையெல்லாம் வேர்த்து ஒருத்தர் என்னைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தார். அதுதான் தவசி அண்ணாச்சியை நான் முதலில் பார்த்தது.

"சார், எங்க ஊருப் போன எடுக்கவே மாட்டேங்கியளே, என்ன சங்கதி?"

நான் மாரியம்மாள் கதையைச் சொன்னேன்.

"சார், அப்படி ஒரு ஆளே கெடையாது. அது எங்க ஊரு அம்மன் பேரு. சொந்தப் பேர ரேடியோவுல சொன்னா வீட்டுல அடி விழும், ஆபீஸ்ல கணக்கப்பிள்ள கேலி பண்ணுவாரு. நான்தான் இந்தப் பேரச் சொல்லுங்கட்டின்னு சொல்லிக் குடுத்தேன். பதினெட்டுப் பேரு சார். சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்து முறை வச்சுப் பேசுதாளுவ."

ஒரு மணி ஆனால் பூத்தில் வேறு யாரையும் விட மாட்டாராம். ரீடயல் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பாராம். லைன் கிடைத்ததும் ரிசீவரைக் கொடுத்துவிட்டு, காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்து நின்றுகொள்வாராம்.

"மருந்து டின்னு... ஒரு பொண்ணு கண்ணு தெரியலன்னு... அது யாரு அண்ணாச்சி? பிள்ளைக்கு என்ன ஆச்சு?"



"உங்கள்ட்ட கேக்கணும்னு அவ காலையில இருந்து பூத்து வாசல்ல உக்காந்திருந்தா சார்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு நான் பசுவந்தனைக்கு மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் கலர் சோடா உடைத்துக் கொடுத்து, மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேசினார். கடைசித் தடவை, அந்த அம்மா வீடு எது என்று விடாமல் கேட்டேன்.

"வீட்டச் சொன்னா நீங்க போயிருவிய. போகாதீய சார். அங்கன இப்ப ரேடியோவே போடுறதில்ல."

அதோடு நான் கேட்பதை விட்டேன். அவரும் யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும் கொடுக்கவில்லை. அந்த மனுஷனுக்கு நான் என்ன செய்தேன்... ஒன்றும் செய்யவில்லை.

இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். அவர் மகன் மறுபடி கூப்பிட்டான். "எங்கன வாரீங்க சார்? ஊருப் பொம்பளைய எல்லாம் வந்துட்டாவ, தெருவே நெறஞ்சு கெடக்கு."

அந்தக் கூட்டத்தில் அந்த அம்மாவும் இருப்பார். எனக்கு அவர் முகமும் தெரியாது, பேரும் தெரியாது. அவருக்கு என் குரல் தெரியும்.

மாலையைப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் திரும்பிவிடலாம் என்று பார்க்கிறேன். வாசலில் யாராவது "நீங்க யாருய்யா?" என்று கேட்டால்...

ஓட்டப்பிடாரம் தாண்டிவிட்டது. வாரேன் அண்ணாச்சி.