பக்கம் திருப்பச் சொல்லித்தராத பாடம்

மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைந்த கோடையில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். அப்போது வெட்கமாக இல்லை. இப்போதும் கொஞ்சம்தான்.

அவளுக்கு எட்டு வயது. கேட்ட கதையை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்வாள். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வராது. பழைய பள்ளியில் சோம்பேறி என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். அரசு மருத்துவமனை டாக்டர்தான் சோதித்துப் பார்த்து, இது டிஸ்லெக்சியா, எழுத்தைப் படிப்பதில் மட்டும் வரும் சிரமம், அறிவில் ஒரு குறையும் இல்லை, சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளும் பள்ளியாகப் பாருங்கள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒரு பெரிய தனியார் பள்ளிக்குப் போனேன். ஏசி அறை, சுவரை அடைத்த டிவி திரை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு அறிக்கையை மடித்தார். நான்காம் வகுப்பில் சீட் முடிந்துவிட்டதாம். அடுத்த வாரம் எங்கள் தெருப் பிள்ளை ஒன்று அதே வகுப்பில் சேர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அந்தக் காகிதத்தை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

திருவொற்றியூரில் இன்னொரு தனியார் பள்ளி இருந்தது. சின்னது, இரண்டே மாடி. சேர்க்கும்போது மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தைத்தான் படிக்கச் சொல்வார்கள் என்று கூட வேலை செய்பவர் துப்பு கொடுத்தார். எனக்கு அது போதும்.

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் எனக்குக் கணக்கர் வேலை. ஒருவர் பெட்டியின் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மற்றவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் டிக் அடிப்போம். அதே முறையில் அந்தப் பாடத்துக்கு மகளை உட்கார வைத்தேன். நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. படிப்பது போலத் தெரிய, சொல்லுக்குச் சொல் விரல் நகர வேண்டும் என்றும் பழக்கினேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "இன்னா பண்ணிக்கினு கீற நீ? கொயந்தைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கிறியா?"

"மொதல்ல உள்ள போவட்டும். அப்பால பாத்துக்கலாம்."

"அப்பால மாட்டிக்கினா அது தான மாட்டும், நீயா?"

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

சேர்க்கைக்குப் போன நாளில் தலைமையாசிரியை புத்தகத்தை மகளிடம் நீட்டினார். அவள் கணீரென்று ஆரம்பித்தாள். விரல் அழகாக நகர்ந்தது. என் நெஞ்சு நிமிர்ந்தது. விரல் பக்கத்தின் கடைசி வரியைத் தொட்டது, அங்கேயே நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை. அடுத்த பக்கத்தில் இருந்த நான்கு வரியைத் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்தைத் திருப்பவேண்டும் என்பதை நான் சொல்லித்தரவே இல்லை.

தலைமையாசிரியை புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

"நான்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன்" என்றேன். "உள்ளத சொன்னா சீட்டு இல்லன்றாங்க. நான் இன்னா பண்றது?" சத்தம் கொஞ்சம் கூடிப்போனது. மனைவி தன் பையிலிருந்து அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கொண்டு வந்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார். அவசரப்படவே இல்லை. பிறகு கேட்டார்: "இந்தப் பாடத்தை எத்தனை தடவை படிச்சுக் காட்டினீங்க?"

"மூணு தபா மேடம்."

"மூணே தடவையா?" மகளைப் பார்த்துச் சிரித்தார். இவளைப் போல நான்கு பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களாம், அவர்களுக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியை தினமும் ஒரு மணி நேரம் தனியாக உட்காருவாராம்.

நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் ராயபுரத்து ஏசி அறையிலும் அறிக்கையை நீட்டும்வரை நன்றாகத்தான் பேசினார்கள். அதனால் நானும் ஒரு கேள்வி கேட்டேன். "கிளாஸ்ல எல்லார் எதிர்லயும் எழுந்து படிக்கச் சொல்வீங்களா?"

"அவளா கை தூக்குற வரைக்கும் சொல்ல மாட்டோம்."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் அந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது, எவ்வளவு நாளாகத் தோளை இறுக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றோம். மகள் திடீரென்று கேட்டாள்.

"நைனா, இனிமே படிக்கிற மாரி காட்ட வேணாமா?"

"வேணாம்மா."

"பழைய ஸ்கூல்ல டெய்லி புக்க தூக்கிப் புடிச்சிக்கினு காட்டுவேன். கை வலிக்கும், நைனா."

மூன்று வருடம் அங்கே படித்தாள். நான் ஒருநாள்கூடக் கவனித்ததில்லை. அவளுக்கோ அது முடிந்துபோன விஷயம். தூரத்தில் வந்த பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அப்படிப் பஸ் வந்தால், போர்டைப் படித்துவிட்டவள் போலத் தலையாட்டுவாள். அன்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதுல இன்னா எழுதிகீது நைனா? எனக்குத் தெரில."

படித்துச் சொன்னேன்.