மெல்பேர்ணில் தேர்தல், சாம்பல்தீவு பஸ்ஸில் வெற்றி

இன்று காலை சாம்பல்தீவு பஸ்ஸில் மாமாவின் போனில் மச்சான் குமரன் வந்தான். மெல்பேர்ணில் படிக்கிறான். அங்கே மாணவர் சங்கப் பிரதிநிதிக்குப் போட்டியிடுகிறானாம்.

“படிக்கப் போன இடத்தில உனக்கேன் இது?” என்றேன்.

“புதுசா வாற எங்கட பிள்ளையள் ரூம் கிடைக்காமல் அலையுதுகள். கேக்க ஒருத்தரும் இல்லை. அதான் நிக்கிறன்.”

மாமா போனை வைத்துவிட்டு பஸ் முழுவதற்கும் அறிவித்தார்: “எங்கட பெடியன் ஒஸ்ரேலியாவில எலக்ஷன் கேக்கிறான்!”

பின் சீற்றிலிருந்த ரீச்சர் உடனே எட்டிப் பார்த்தார். “அண்ணை, எனக்கு மூதூரில இருந்து டவுனுக்கு ஒரு ரான்ஸ்பர் எடுக்க ஏலுமோ?”

மாமா கொஞ்சமும் தடுமாறவில்லை. “ஓம், கதைச்சுப் பாப்பம்.”

கொண்டக்டர் மாமாவை முன் சீற்றுக்கு அழைத்தார்.

மச்சான் வெல்வானோ தெரியாது. மாமா பதவியேற்றுவிட்டார். உங்களுக்கும் ஏதும் அலுவல் இருந்தால் கீழே எழுதுங்கள், கதைத்துப் பார்ப்பார்.