ரெண்டு கேபிளும் ஒரு வீம்பும்

என் நாத்தனாருக்கு நான் வைத்த பெயர் கறார். கேபிளின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி முடிக்கும்வரை அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. சமையலறை டப்பாக்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினேனோ, என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அவளும் அவள் அண்ணனும், அதாவது என் வீட்டுக்காரர், நெட்வொர்க் அமைத்துத் தரும் தொழில் நடத்துகிறார்கள். கணக்கு வழக்கு என் தலையில்.

ஒரு மருத்துவமனையில் தரைத்தளத்திலும் நாலாம் மாடியிலும் கம்ப்யூட்டர்களைக் கோக்கும் ஸ்விட்ச் பெட்டிகளை இரண்டு கேபிளால் இணைத்து, இரண்டும் ஒரே இணைப்பாக வேலை செய்யும்படி அமைக்க வேண்டும். ஸ்கேன் படங்கள் தாராளமாகப் போகும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். இரண்டையும் ஒரே குழாயில் விட்டுவிடலாம் என்றார் இவர். கறார் விடுவாளா?

"எலி ஒரே கடியில ரெண்டையும் முடிச்சிடும்ணா. ஒண்ணு படிக்கட்டு வழியா போகட்டும், இன்னொண்ணு லிஃப்ட் பக்கமா."

மருத்துவமனை மேலாளர் எதிரில் இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ பேசாம இரு" என்றார்.

அவ்வளவுதான், வாரக்கணக்கில் அவள் அண்ணனிடம் பேசவே இல்லை. கேபிள் என்னவோ அவள் சொன்ன வழியில்தான் போனது. அதை ஒத்துக்கொள்ள மட்டும் இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. "இந்த வேலை முடிஞ்சதும் வேற கம்பெனிக்குப் போறேன் அண்ணி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் போனால் தொழிலே படுத்துவிடும். அண்ணன் தங்கை உறவும் அத்தோடு சரி.

இணைக்கும் நாளில் இவர் கீழே, அவள் மேலே, நடுவில் தூது போக நான். அவரவர் ஸ்விட்சில் அமைப்பை முடித்துக் கேபிள்களைச் செருகினார்கள். இணைப்பு வரவில்லை. மதியம் ஸ்கேன் பிரிவைத் திறக்க வேண்டும். மேலாளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேபிளைப் பாக்கச் சொல்லு" என்பார் இவர்.

"அதெல்லாம் சோதிச்சாச்சுன்னு சொல்லுங்க" என்பாள் அவள்.

ஏறி இறங்கி என் முட்டி கழன்றதுதான் மிச்சம். கடைசியில் இவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அவள் எதிரில் வைத்தேன்.

"நான் என்ன தபால்காரியா? நீங்களே பேசித் தொலைங்க!"

அவள் தொண்டையைக் கனைத்தாள். "உன் பக்கம் ஸ்விட்சை எப்படி வச்சிருக்க?"

"பாசிவ்."

"நானும் அதான்."

"அப்படின்னா?" என்றேன்.

"எதிர்ப்பக்கம் முதல்ல பேசட்டும்னு ஸ்விட்ச் காத்திருக்கும் அண்ணி. ரெண்டும் காத்திருந்தா இணைப்பே வராது."

"அடக் கடவுளே! பெட்டிக்கும் உங்க வீம்பைக் கத்துக் குடுத்துட்டீங்களா?"

போனில் இவர் குரல் இறங்கியது. "எப்பவும் நீதானே முதல்ல ஆரம்பிப்ப. அதான் அப்படி வச்சேன்."

"நீதானே பேசாதன்னு சொன்ன." அவள் கண் கலங்கியிருந்தது.

"தப்புதான்மா. எலி விஷயத்துல நீ சொன்னதுதான் சரி."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எதையோ தட்டினாள். ஸ்விட்சில் மஞ்சளாக முழித்துக்கொண்டிருந்த விளக்குகள் பச்சையாயின. உடனே சோதித்துப் பார்க்க ஒரு கேபிளைப் பிடுங்கினாள். மேலாளர் பதறிப்போனார், சோதனைக்கு அனுப்பிய ஸ்கேன் படமோ திரையில் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பும்போது மெல்லக் கேட்டேன். "அந்த வேற கம்பெனி என்னாச்சு?"

"அங்க யாரோட சண்டை போடுறது அண்ணி?"

"சரி, கடைசியில அந்தப் பாசிவை யாரு மாத்தினது?"

"நான்" என்றாள் அவள்.

"நானும்" என்றார் இவர்.

ஒரு பக்கம் மாற்றினாலே போதுமாம்.