அம்மைப்பால் பானையும் அடங்காத மோட்டார் சைக்கிளும்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடை அது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. நான் வில்லியனூரில் வாத்தியாராக இருந்தேன். தன் நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. சுற்று வட்டாரத்தில் அப்போது மூன்றே மோட்டார் சைக்கிள்கள். மூன்றிலும் மோசமானது என்னுடையது.

ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. நிறுத்தி, எஞ்சினை மட்டும் மெதுவாக ஓடவிட்டால் போதும், தொல்லை ஆரம்பித்துவிடும். இரண்டு அடி சரியாக அடிக்கும், மூன்றாவதை விழுங்கும், பிறகு ஒரு தும்மல். முப்பது எண்ணுவதற்குள் அணைந்துவிடும். எதையும் எண்ணிக்கொண்டே இருப்பது என் சுபாவம், அதனால் இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் ஊசித்துளையை ஊதிச் சுத்தம் செய்தேன். பெட்ரோலையே மாற்றிப் பார்த்தேன். தும்மல் நிற்கவில்லை. ராத்திரி படுத்தாலும் அந்த மூன்றாவது அடி எங்கே போகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலை, அம்மை குத்தும் வேலையில் இருந்த என் நண்பர் பானையும் கையுமாக வந்து நின்றார். பண்டசோழநல்லூரில் பெரியம்மை. ஒரு வீட்டில் மூத்த குழந்தை இறந்து இரண்டு நாள் ஆகிறது. கைக்குழந்தை ஒன்று மிச்சம். அம்மை கண்ட தெருவில் ஊசிக்காரரை உள்ளே விடவே தயங்கிய காலம் அது. ஆனால் அந்தத் தாய் தானாகவே ஆள் அனுப்பியிருந்தாள். அன்று காலைதான் புதுச்சேரியிலிருந்து அம்மைப்பால், அதாவது அம்மை குத்தும் மருந்து, வந்திருந்தது. மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, பானைக்குள் ஈர மணலில் புதைத்து, மேலே நனைந்த சாக்கைச் சுற்றி, உறியில் வைத்திருந்தார். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர்தான். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாட்டு வண்டியில் போனால் உச்சி வெயில் ஏறிவிடும்.

"ஒன் வண்டிய எடு வாத்தியாரே. இல்லன்னா நான் இந்தப் பானையில மோரு ஊத்தி விக்க வேண்டியதுதான்" என்றார்.

கிளம்பிவிட்டோம். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். பிரெஞ்சு எல்லை முடிந்து இங்கிலீஷ்காரன் எல்லை வரும். கொஞ்ச தூரத்தில் மறுபடி பிரெஞ்சு எல்லை. சுங்கச் சாவடிகளில் நின்று, சாமானைக் காட்டி, பதில் சொல்லி நகர வேண்டும். நின்றால் என் வண்டி அணையும். சூடான எஞ்சினை மறுபடி கிளப்ப, மணலில் இரண்டு பேரும் தள்ள வேண்டும்.

முதல் சாவடியிலேயே அணைந்தது. தள்ளித் தள்ளி எனக்கு மூச்சு முட்டியது. நண்பர் ஒரு கையால் பானையை அணைத்துக்கொண்டு மறுகையால் தள்ளினார். "ஒன் வண்டிக்கும் அம்மை போட்ருக்கு வாத்தியாரே, வேப்பில அடிக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கு காயத் தொடங்கியிருந்தது.

அடுத்த சாவடியில் வண்டி மாடுகள் வரிசையாக நின்றன. எஞ்சினை அணையவிடாமல் நான் முறுக்கிப் பிடிக்க, மாடுகள் மிரண்டு முட்டிக்கொண்டன. காவல்காரர் ஓடிவந்து, "அடக்குய்யா அத! மாடு மிரளுது, தெரில?" என்று கத்தினார். நண்பர் இறங்கி, அங்கிருந்த தொட்டித் தண்ணீரைச் சாக்கின் மேல் தாராளமாக ஊற்றிவிட்டு, பானையைத் தரையில் வைக்கக் குனிந்தார்.

"இன்னாது அது?"

"அம்மைப்பால்."

காவல்காரர் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, அம்மாவத் தரையில வெக்காதபா!" என்று உறியைக் கையில் வாங்கி, என் இருக்கையின் முன்முனையில் தானே மாட்டிவிட்டார். பானை கார்புரேட்டருக்கு நேர் மேலே தொங்கியது.

வேறு வழியில்லாமல் எஞ்சினை அடக்கினேன். அணையப் போகிறது என்று எண்ணத் தொடங்கினேன். முப்பது வந்தது. நாற்பது. ஐம்பது. ஓர் அடிகூட விழுங்கவில்லை. டப், டப், டப் என்று அத்தனையும் ஒரே இடைவெளியில். நூறைத் தாண்டியபோது என் கழுத்தில் மயிர் சிலிர்த்தது. இந்த வண்டியிடம் இப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று நான் அறிந்ததே இல்லை.

குனிந்து பார்த்தேன். ஈரச் சாக்கிலிருந்து தண்ணீர், கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் மூட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மூட்டின் ஓரத்தில் விழுந்த ஒரு துளி வழியவில்லை. சற்று நடுங்கியது, உள்ளே போய்விட்டது. எஞ்சின் அதைக் குடித்தது!

வேட்டி முனையால் மூட்டைத் துடைத்தேன். உடனே தும்மல். சாக்கைப் பிழிந்து நனைத்தேன். சீரானது. மறுபடி துடைத்தேன், தும்மியது. நனைத்தேன், அடங்கியது. அப்போதுதான் புரிந்தது. அந்த மூட்டில் கண்ணுக்குத் தெரியாத சந்து ஒன்று இருந்திருக்கிறது. வேகமாக ஓடும்போது எஞ்சின் நிறையப் பெட்ரோலும் காற்றும் இழுப்பதால், சந்து வழியே உள்ளே புகும் திருட்டுக் காற்று பொருட்டில்லை. மெதுவாக ஓடும்போது அதுவே கலவையைக் கெடுத்துவிடும். தண்ணீரால் அந்தச் சந்து அடைபட்டதும் எஞ்சின் சீராக மூச்சு விட்டது.

காவல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா? அம்மா மேல ஏறி ஒக்காந்ததும் வண்டி எப்டி அடங்கிச்சி பாத்தியா?"

மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற என் நண்பரும் பானையையே பார்த்தார்.

ஆனால் சாக்கின் ஈரம் மருந்துக்கு வேண்டும். ஊசி போடுமுன் கை கழுவ நண்பர் வைத்திருந்த சோப்பைக் கேட்டு வாங்கி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, மூட்டைச் சுற்றி அப்பி, மேலே துணிக் கிழிசலைக் கட்டினேன். போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த சாவடியில், அதிகாரி பானைக்குள் எட்டிப் பார்த்துக் கேள்விகள் கேட்டு முடிக்கும் வரை, என் வண்டி நின்ற இடத்தில் பொறுமையாக அடித்துக்கொண்டு நின்றது.

வெயில் உச்சிக்கு வருமுன் பண்டசோழநல்லூர் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தாய் தெருமுனையிலேயே நின்றிருந்தாள். "வூட்டாண்ட வராதீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இங்கியே குத்துங்க. எனுக்கு இது ஒண்ணுதான் கீது" என்று குழந்தையை நீட்டினாள். நண்பர் சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கை கழுவி, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, குழந்தையின் கையில் மூன்று இடத்தில் குத்தினார். அதைப் பார்த்து இன்னும் சில பெண்கள் குழந்தைகளோடு வந்தார்கள்.

வீடு திரும்பி மூட்டைப் பிரித்தேன். இரண்டு நட்டுகளில் ஒன்று இறுகியும் ஒன்று தளர்ந்தும் இருந்தன. நடுவே சந்தடைக்க வைத்திருந்த அட்டை பேக்கிங்கில் தலைமுடி அளவு கிழிசல். கெட்டி அட்டையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தி, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். வண்டி அதன்பின் தும்மவே இல்லை.

எட்டாம் நாள், ஊசி பிடித்ததா என்று பார்க்க நண்பரோடு போனேன். எனக்கு வழியெல்லாம் கவலை. மருந்து சூடாகியிருந்தால்? முதல் சாவடியில் வீணான நேரம் கெடுத்திருந்தால்? தாய் குழந்தையின் சட்டையை விலக்கினாள். குத்திய மூன்று இடத்திலும் நடுவில் குழிந்து, முத்துப்போல மூன்று கொப்புளங்கள். மருந்து பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது, வேறொன்றும் இல்லை. "பால் குடிக்கிது சார், நல்லா குடிக்கிது" என்று சொல்லிச் சொல்லி அவள் அழுதாள்.

நான் அந்த மூன்றையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். அந்தப் பிஞ்சு ரத்தத்துக்குள் போய்க் காவல் நின்றது எது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது அங்கே நின்றிருந்தது. எண்பதைக் கடந்து, இன்னும் எல்லாவற்றையும் எண்ணிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, அந்தச் சின்னக் கையை நினைக்கும்போது மட்டும் எண்ணிக்கை தானாக நின்று, கும்பிடத் தோன்றுகிறது.